இட்லித் தட்டில் இட்லி மட்டும்தானா?

குட்டீஸ்! முளைப்பயறு செய்யவும், காய்களை ஆவியில் வேக வைக்கவும் கடைகளில் தனித்தனிப் பாத்திரங்கள் விற்கிறார்கள். வாங்கித் தரும்படி அம்மாவிடம் கேட்கும் முன், உங்கள் வீட்டு இட்லித் தட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். குழிகளில் சின்னச் சின்னத் துளைகள் தெரிகின்றனவா? ரகசியம் அங்கேதான் இருக்கிறது!

கீழே கொதிக்கும் நீரின் ஆவி அந்தத் துளைகள் வழியே ஏறி மாவை வேக வைக்கிறது. அதே ஆவி கேரட், பீன்ஸ், கொழுக்கட்டையையும் வேக வைக்கும். நீரில் போட்டு வேக வைத்தால் வைட்டமின் 'சி' கரைந்து போகும். ஆவியில் அந்த இழப்பு குறைவு.

அடுப்பே இல்லாமலும் இது உதவும். இரவு முழுவதும் ஊறிய பாசிப்பயறை வடித்து, குழிகளில் ஈரத்துணி விரித்துப் பரப்பி மூடுங்கள். துணி காய்ந்தால் நீர் தெளியுங்கள். மிஞ்சிய நீர் துளை வழியே வடியும், காற்றும் கிடைக்கும். மறுநாள் முளை எட்டிப் பார்க்கும்!

ஓர் எச்சரிக்கை: கொதிநீரை விட ஆவி கடுமையாகச் சுடும். அடுப்பு வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இந்த ஞாயிறு சமையலறையில் வேறொரு பாத்திரத்தை எடுத்து, "உனக்கு ஏன் இந்த வடிவம்?" என்று யோசியுங்கள். புதிய வேலை ஒன்று தானே தோன்றும்!