சேஃப்டியை விடுவிக்கும் கணம்

போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் என்பது, கதவின் தாழ்ப்பாளைப் போலக் கையால் தள்ளித் திருப்பப்படும் உருளை வடிவ எஃகுத் தாழ் ஒன்றினால் தோட்டா அறையை மூடித் திறக்கும் துப்பாக்கியாகும். தாழின் உள்ளே வலுவான சுருள்வில்லோடு அடிமுள் பொருத்தப்பட்டுள்ளது. தாழை இயக்கும்போது வில் அழுந்த, அடிமுள் சியர் எனப்படும் சிறு எஃகுத் துண்டின் விளிம்பில் தடுக்கப்பட்டு நிற்கிறது. விசையை இழுத்தால் சியர் கீழிறங்கி வழிவிட, அடிமுள் பாய்ந்து தோட்டாவின் அடியில் குத்துகிறது. இந்த வரிசையில் ஏதேனும் ஓரிடத்தில் தடை போடும் உறுப்பே சேஃப்டி. அது எந்த இடத்தில் தடை போடுகிறது என்பதைப் பொறுத்தே அதன் நம்பகத்தன்மையும் அதில் தோன்றும் பழுதின் இயல்பும் அமைகின்றன.

1898-இல் ஜெர்மானியப் படை ஏற்ற மௌசர் ரைபிளில், தாழின் பின்முனையில் உள்ள சிறகு போன்ற நெம்பு அடிமுள்ளோடு இணைந்த துண்டையே பிடித்து நிறுத்துகிறது. பிற்காலத்து வேட்டை ரைபிள்கள் பலவற்றிலோ, பக்கவாட்டு நெம்பு சியரையோ விசையையோ மட்டும் கட்டுப்படுத்துகிறது. பின்னது செய்ய எளிது, கட்டைவிரலுக்கும் வசதி. ஆயினும் அடிமுள்ளைச் சேஃப்டி நேரடியாகப் பிடிக்காததால், சியருக்குக் கீழே நேரும் மிகச் சிறிய பிசகும் பெருந்தீங்காக முடியக்கூடும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 1962 முதல் விற்ற மாடல் 700 ரைபிள் ஆகும். மைக் வாக்கர் என்னும் பொறியாளர் வடிவமைத்த அதன் விசையமைப்பில், விசைக்கும் சியருக்கும் இடையே இணைப்பான் என்ற தனித் துண்டு ஒன்று, விசையோடு நிலையாகப் பிணைக்கப்படாமல், வில்லின் அழுத்தத்தால் மட்டும் ஒட்டி நிற்கிறது. சேஃப்டியைப் போட்டால் சியர் சற்றே மேலே தூக்கப்படுகிறது. அந்நேரத்தில் துருவோ தூசியோ உறைந்த எண்ணெயோ இணைப்பானைத் தன் இடத்துக்குத் திரும்பவிடாமல் செய்தால், வெளியே எவ்வித அறிகுறியும் தெரியாது. சேஃப்டியை விடுவிக்கும் கணத்தில், கீழிறங்கும் சியரைத் தாங்க எதுவும் இல்லாமல், விசையைத் தொடாமலே துப்பாக்கி வெடிக்கிறது. 1982 வரை சேஃப்டி தாழையும் சேர்த்துப் பூட்டியதால், தோட்டாவை வெளியே எடுக்க விரும்பியவர் முதலில் சேஃப்டியை விடுவிக்க வேண்டியிருந்தது என்பது இதன் கொடுமையை இன்னும் கூட்டியது. உயிரிழப்புகளும் வழக்குகளும் தொடர்ந்தன. வடிவமைப்பில் குறையில்லை என்று நிறுவனம் வாதிட்டபோதிலும், விசையை மாற்றித் தரும் சமரச உடன்பாட்டுக்குப் பின்னர் இசைந்தது.

பழுதைக் கண்டறியும் முறை இந்த இயக்கத்திலிருந்தே பிறக்கிறது. தோட்டாக்கள் அனைத்தையும் வேறு அறையில் வைத்து, தோட்டா அறையையும் தோட்டாக்கூட்டையும் கண்ணால் பார்த்து விரலாலும் தடவி, காலி என்று உறுதி செய்த பின்னரே சோதனை தொடங்க வேண்டும்; அப்போதும் குழல்வாய் ஆளில்லாத திசையையே நோக்கியிருக்க வேண்டும். தாழை மூடி, சேஃப்டியைப் போட்டு, விசையை அழுத்தி இழுத்து விட்டு, பிறகு விசையைத் தொடாமல் சேஃப்டியை விடுவிக்கும்போது அடிமுள் விழும் ‘டக்’ என்ற ஓசை கேட்டால் பழுது உறுதியாகிறது. ஓசை கேட்காவிட்டாலும் ஒருமுறை சோதித்ததோடு நிறைவடைவது தவறு, ஏனெனில் இத்தகைய பழுது பலமுறை மறைந்திருந்து ஒருமுறை மட்டும் தலைகாட்டும் இயல்புடையது. நெம்பு பாதி வழியில் நின்றுவிடுகிறதா, அடிக்கட்டையை ரப்பர்ச் சுத்தியால் தட்டினால் அடிமுள் நழுவுகிறதா என்பவையும் பார்க்கத்தக்கவை.

காரணங்களில் மிகவும் பரவலானது அழுக்கு. விசைப்பெட்டிக்குள் ஊற்றிய எண்ணெய் நாளடைவில் பிசினாகி, குளிர்காலத்தில் மேலும் இறுகுகிறது. நல்லெண்ணத்தோடு அடிக்கடி எண்ணெய் விடுவோரின் துப்பாக்கியிலேயே இது நேர்வது வருத்தத்துக்குரியது. கரைப்பானால் கழுவி உலர்த்தி, எண்ணெயைப் பெயரளவுக்கு மட்டும் இடுவதால் பல ரைபிள்கள் சீராகிவிடுகின்றன. வாக்கர் அமைப்புக்கு மாற்றாக வந்த எக்ஸ்-மார்க் புரோ விசையையும், பொருத்தும்போது மிகையாகச் சேர்ந்த ஒட்டுப்பொருளின் காரணமாக 2014 ஏப்ரலில் ரெமிங்டன் திரும்பப் பெற நேர்ந்தது. மரக்கட்டை ஈரத்தில் உப்பி நெம்பின் மீது உராய்வது மற்றொரு காரணம். அங்கே பழுது இரும்பில் இல்லை, மரத்தில் உள்ளது.

விசையை மென்மையாக்கும் ஆசையில் திருகுகளைத் திருப்பி, சியர் பற்றும் அளவைக் குறைத்துவிடுவது இவற்றினும் ஆபத்தானது. தேய்ந்த சியரை அரத்தால் ராவிச் சரிசெய்ய முனைவது அதனினும் தீது. மேற்பரப்பில் மட்டும் கடினமூட்டப்பட்ட எஃகாக இருந்தால், அப்படலம் போனபின் விளிம்பு விரைவில் மழுங்கிவிடும். மௌசர் வகையில், சேஃப்டியின் சாய்தளம் அடிமுள் துண்டைச் சற்றே பின்னிழுத்து, சியரின் மேலுள்ள சுமையை நீக்க வேண்டும். அச்சாய்தளம் தேய்ந்தாலோ, அடிமுள் துண்டு வேறு துப்பாக்கியிலிருந்து எடுத்துப் போடப்பட்டிருந்தாலோ, பொருத்தத்தைத் தேர்ந்த கம்மியரே அளந்து சரிசெய்ய வேண்டும். இந்தியாவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் கேட்கிறது. ஆகவே உரிமையாளரின் பங்கு, துப்பாக்கியைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி, பழுது எந்த நிலையில், எத்தனை முறை தோன்றியது என்று குறித்துக் கம்மியரிடம் கூறுவதாகும். பழுது நீங்கித் திரும்பி வந்த துப்பாக்கியைக் காலி நிலையில் அதே சோதனைகளுக்கு மீண்டும் உட்படுத்திய பிறகே அதில் தோட்டா இடுவது தகும்.