காற்று வரும் வழி

அறுவடைக் காலத்தில் களத்துமேட்டுப் பக்கம் போன மாணவியருக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். ஈரம் உலராத நெல்லைக் குவித்து, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடி ஓரிரவு விட்டுவிட்டால், மறுநாள் குவியலுக்குள் கையை விட முடியாது. அவ்வளவு சூடு! யாரும் அடுப்பு மூட்டவில்லை. நெல்லும் உயிருள்ள பொருள்தானே, அது மூச்சு விடுகிறது. பிராணவாயுவை உட்கொண்டு, கரியமில வாயுவையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. வெளியே போக வழியில்லாவிட்டால் இவை குவியலுக்குள்ளேயே தங்கி, நெல்லைப் பழுப்பாக்கிவிடும், பூசணமும் பிடிக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதும், அப்பா சாலையோரத்தில் நெல்லைக் காலால் கிளறிக் கிளறிக் காயப்போடுவதும் இதனால்தான்.

நாற்பத்தைந்து மாணவியரை ஓர் அறையில் உட்கார வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்தினால் நேர்வதும் ஏறத்தாழ இதுவேதான்.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். வகுப்பறையின் நீளம் 7 மீட்டர், அகலம் 6 மீட்டர், உயரம் மூன்றரை மீட்டர் என்று கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 147 கன மீட்டர் காற்று. உட்கார்ந்து பாடம் கேட்கும் ஒரு மாணவி மணிக்கு ஏறத்தாழ 15 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறாள். நாற்பத்தைந்து பேர், முக்கால் மணி நேரப் பாடவேளை: 500 லிட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது. வெளிக்காற்றில் இன்று பத்து லட்சம் பங்குக்கு 420 பங்கு அளவில் கரியமில வாயு உண்டு. காற்று சிறிதும் கசியாதபடி மூடிய நம் அறையில், மணி அடிக்கும்போது அது 3,800ஐத் தாண்டிவிடும். உண்மையில் எந்த அறையும் அவ்வளவு இறுக்கமாக மூடுவதில்லை. கதவிடுக்கு இருக்கிறது, உடைந்த கண்ணாடி இருக்கிறது. உடைந்த கண்ணாடி நமக்கு நன்மை செய்வது இந்த ஒரு விஷயத்தில்தான்!

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். மதியம் மூன்றாவது வரிசையில் தலை கவிழ்வதற்குப் பிராணவாயு குறைந்துவிட்டதே காரணம் என்று பலரும் சொல்வார்கள். அப்படியன்று. மேற்சொன்ன அறையில் பிராணவாயு 20.9 சதவீதத்திலிருந்து 20.5 அளவுக்குத்தான் இறங்கியிருக்கும். அது பெரிய குறைவில்லை. தேங்கிப்போன வெப்பமும், புழுக்கமும், பிறர் விட்ட மூச்சும்தான் தலைவலியையும் மயக்கத்தையும் தருகின்றன. ஜெர்மனியில் மியூனிக் நகரத்து மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற அறிஞர் 1858லேயே இதை ஆராய்ந்தார். கரியமில வாயுவே பெரிய விஷம் என்று அவர் சொல்லவில்லை. அறைக்காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் அடையாளமாக அதை எடுத்துக்கொண்டார். பத்து லட்சத்தில் 1,000 பங்குக்கு மேல் போனால் அறை மனிதர் தங்கத் தகுதியற்றது என்பது அவர் வகுத்த எல்லை. இன்றும் பலர் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மின்விசிறி ஓடுகிறதே, டீச்சர்" என்பீர்கள். மின்விசிறி காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. குழம்பைக் கரண்டியால் கிளறினால் புதுக் குழம்பாகிவிடுமா? வியர்வை உலர்வதால் உடம்புக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். வீடுகளில் இப்போது சுவரில் மாட்டும் ஏ.சி.யும் பெரும்பாலும் அப்படியே. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டி வெப்பத்தைத்தான் வெளியேற்றுகிறது, காற்றையன்று. ஏ.சி. போட்டு, கதவிடுக்கில் துணியும் வைத்து, நால்வர் ஓர் அறையில் உறங்கும் குடும்பங்களின் பெற்றோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று ஓர் அழகான பழம்பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. நம் காவிரி கடலில் கலக்கும் புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும்போது, மானின் கண் போன்ற காலதர்கள் அவற்றில் இருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. ஜன்னல் என்னும் சொல்லோ போர்ச்சுக்கீசியர் தந்தது. ஆங்கிலத்து 'விண்டோ'வும் காற்றின் கண் என்று பொருள்படும் பழைய வடநாட்டுச் சொல்லிலிருந்து பிறந்ததாம். ஆக, ஜன்னலின் முதல் வேலை காற்றை விடுவது என்பதில் கீழ்நாட்டாருக்கும் மேல்நாட்டாருக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை. திரைச்சீலை மாட்டுவது பிற்பாடு வந்த வேலை.

தஞ்சை மாவட்டத்துப் பழைய வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தெரு வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்பவை. பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க இயலாது. முன்னால் தெரு, பின்னால் கொல்லை, நடுவே நீண்டு ஒடுங்கிய வீடு. காற்று எங்கிருந்து வரும்? அதற்காக நடுவில் வானத்தைப் பார்த்தபடி முற்றத்தைத் திறந்து வைத்தார்கள். வாசலில் நின்று பார்த்தால் ரேழி, கூடம், தாழ்வாரம் எல்லாவற்றையும் தாண்டிக் கொல்லைக் கதவு வரை நேர்கோடாகத் தெரியும். அந்த நேர்கோட்டில்தான் காற்று நடந்து போகிறது. காற்று அசையாத சித்திரை மதியத்திலும் முற்றம் சும்மா இருப்பதில்லை. வெயில் பட்டுச் சூடான காற்று இலேசாகி மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள அறைகளிலிருந்தும் வாசலிலிருந்தும் காற்று நகர்ந்து வருகிறது. நாட்டு ஓட்டின் இடுக்குகள் வழியே அடுக்களைப் புகையும் கசிந்து வெளியேறிவிடும். நம் பள்ளிகளின் பழைய கட்டடங்களில் கூரையை ஒட்டி வைத்திருக்கும் சிறிய வெண்டிலேட்டர்களும் அதே சூத்திரந்தான்: சூடான, கெட்ட காற்று மேலே போகும், அதற்கு மேலே ஒரு வாசல் வேண்டும்.

திசையும் முக்கியம். தெற்கே இருந்து வருவது தென்றல், வடக்கே இருந்து வாடை, கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கோடை என்று நான்கு காற்றுக்கும் நான்கு பெயர் வைத்தது நம் மொழி. ஆடியில் அம்மியைப் பறக்கவைப்பது மேல்காற்று. ஐப்பசிக்குப் பின் வடகிழக்கிலிருந்து ஈரத்தோடு வருகிறது. ஒரே சுவரில் நான்கு ஜன்னல் வைப்பதைவிட, எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொன்று வைப்பது மேல். வர வழி இருந்து, போக வழி இல்லாவிட்டால் காற்று உள்ளே வராது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்ததில்லை. திருவையாற்றுப் பக்கம் என் பெரியம்மாவின் வீடு முற்றம் வைத்த ஓட்டு வீடு. மழைச் சாரல், குரங்குத் தொல்லை, திருட்டுப் பயம் எல்லாவற்றையும் சொல்லி அண்ணன் முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு நான்கு பக்கமும் இறுக்கி மூடினார். பின்கட்டு ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளமும் போட்டாயிற்று. கேஸ் அடுப்பு இருந்தது. இருந்தாலும் வெந்நீருக்கும், நெல் அவிக்கவும், மாட்டுக்குக் காய்ச்சவும் விறகும் விரட்டியும்தான். பெரியம்மாவுக்கு இருமல் ஆரம்பித்தது. முதலில் பனி என்றோம், பிறகு வயசு என்றோம். மாடிப்படி ஏற முடியாமல் போனபின் டாக்டரிடம் காட்டினோம். அவர் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க பீடி, சுருட்டு ஏதாவது குடிச்சதுண்டா?" என்றார். பெரியம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் கேள்வி நியாயமானதுதான். நாற்பது ஆண்டு புகைபிடித்தவரின் நுரையீரல் போல அது பழுதுபட்டுக் கிடந்தது.

பெரியம்மா தனி ஆள் இல்லை. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் கருவி வைத்து அளந்து, 2002ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். விறகு, சாணம் எரிக்கும் வீடுகளில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் நுண்துகள், கேஸ் வைத்திருக்கும் வீடுகளைவிடப் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அடுக்களை வீட்டுக்குள்ளேயே தடுப்பின்றி இருக்கிறதா, தனியாக இருக்கிறதா, வெட்டவெளியில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் அளவு மாறியது. சமைக்காமல் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவர்களும் தப்பவில்லை. இந்த நுண்துகள் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு மயிரில் சிக்காது. நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

அண்ணன் தகட்டைக் கழற்றவில்லை. ஆனால் நான்கு மூலையிலும் கம்பி கொடுத்து ஒன்றரை அடி உயர்த்தி, இடைவெளியில் வலை அடித்தார். விறகடுப்பு கொல்லைக்குப் போயிற்று. வீட்டில் இப்போது புகை நிற்பதில்லை. பெரியம்மாவின் மூச்சு மட்டும் திரும்பவில்லை. உறிஞ்சும் மருந்தோடுதான் அவர் நாள் போகிறது.

"ஜன்னலைத் திறந்தால் கொசு வருகிறதே" என்று தாய்மார்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. வாய்க்காலும் வயலும் சூழ்ந்த ஊர் நம் ஊர். கும்பகோணத்தின் பெயரோடு யானைக்கால் நோயைச் சேர்த்துப் பேசிய காலமும் உண்டு. ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்துவதுதான் இரண்டு தீமைகளிலும் பெரியது. ஒரு சுருள் முழுதாக எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் வரை எரிந்த அளவு நுண்துகள் வெளிப்படும் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. பிள்ளையின் தலைமாட்டில் அதை வைத்து அறையைப் பூட்டலாமா? ஜன்னலுக்கு வலை அடிக்கலாம். வலை காற்றை ஓரளவு தடுக்கும் என்பதால் ஜன்னல் பெரிதாக இருக்க வேண்டும், வலையில் படிந்த தூசியை மாதம் ஒருமுறை தட்ட வேண்டும். இல்லையேல் பாட்டி காலத்துக் கொசுவலையைக் கட்டிலுக்குக் கட்டிவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து உறங்கலாம். என் வாக்கு கொசுவலைக்கே.

புகையைப் பற்றி இவ்வளவு சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றியும் கொஞ்சம். தஞ்சையிலிருந்து திருச்சி போகும் சாலையில், செங்கிப்பட்டியின் செம்மண் மேட்டில் காசநோய் மருத்துவமனை அமைத்தது ஏன்? உலர்ந்த காற்றும் திறந்த வெளியுமே அன்று இருந்த பெரிய மருந்து. பிறகு மாத்திரைகள் வந்தன. சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், சரியாக மருந்து உட்கொண்டால் வீட்டிலிருந்தபடியே குணமாகலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் மருந்து கிடைத்த மகிழ்ச்சியில் நாம் ஜன்னலை மறந்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி என்பவர், காசநோயாளிகள் இருந்த அறையின் காற்றைக் குழாய் வழியே மேலே கொண்டுபோய்க் கினிப்பன்றிகளைச் சுவாசிக்கச் செய்தார். நோயாளியைக் கண்ணாலும் காணாத அந்தப் பிராணிகளுக்கும் காசநோய் வந்தது. காற்றே கிருமியைச் சுமந்து சென்றது. 2020இல் கொரோனா வந்தபோது இதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. ஓர் ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் கூறியது.

கும்பகோணத்தையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். கீற்றுக் கூரையும் சமையல் தீயும் காரணம் என்பது எல்லாரும் அறிந்தது. வெளியேறும் வழி குறுகியிருந்ததும் ஒரு காரணம். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது, அகற்றியது சரியே. ஆனால் அந்த இடத்தில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட இடங்களில், கீற்று தந்த குளிர்ச்சிக்கு ஈடாகக் கூடுதல் காற்றுவழி வைக்க வேண்டும் என்பதை எத்தனை பேர் எண்ணினார்கள்?

நம் கணக்கை முடிப்போம். நாற்பத்தைந்து மாணவியருக்கு வினாடிக்கு 450 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியால் முப்பது வாளி காற்று! மலைக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டர் திறப்பில் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று நுழைந்து, எதிர்ச்சுவரில் அதே அளவு வழியாக வெளியேறினால் போதும். 500 லிட்டர் கிடைத்துவிடும். நோட்டுத் தாள் மெல்ல அசையும் அளவு காற்று அது.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவியர் இதைச் சோதித்துப் பார்த்தனர். ஒரே ஓர் ஊதுவத்தியை ஏற்றி (அதுவும் புகைதான் என்பதால் சில நிமிடங்களுக்கு மட்டும்), அறையின் ஒவ்வொரு மூலையிலும் பிடித்து, புகை எப்பக்கம் சாய்கிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டார்கள். ஜன்னலோரத்தில் புகை நன்றாகச் சாய்ந்தது. பின்வரிசை மூலையில் மட்டும் நூல் பிடித்தாற்போல் நேரே மேலே போய் அங்கேயே சுருண்டு நின்றது. எப்போதும் தலைவலி என்று சொல்லும் இருவர் அந்த மூலையில்தான் அமர்ந்திருந்தனர். பார்த்தால், பழைய தேர்வுத்தாள் பீரோ ஒன்று எதிர்ச்சுவர் ஜன்னலை முக்கால் பங்கு மறைத்து நிற்கிறது. அதன் மேல் அடுக்கிய அட்டைப் பெட்டிகள் வெண்டிலேட்டரை அடைத்திருக்கின்றன. தலைமைச் சகோதரியிடம் அனுமதி வாங்கி, ஆறு பேர் சேர்ந்து பீரோவை நடைவழிக்குத் தள்ளினார்கள். வெண்டிலேட்டரில் குருவிக்கூடு ஒன்று இருந்தது. குஞ்சுகள் பறக்கும்வரை அதைத் தொடுவதில்லை என்று வகுப்பே முடிவு செய்தது. மறுநாள் அதே மூலையில் ஊதுவத்தியைப் பிடித்தபோது புகை கிழக்கே சாய்ந்து, ஜன்னல் கம்பிகளுக்கிடையே வெளியே போயிற்று.