லயத்துச் சுவரில் ஒரு கடற்கரை



வீட்டை அழகுபடுத்துவது வசதியுள்ளவர்களின் வேலை என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். "உயிர் தப்பினதே பெரிசு, சுவரில என்ன தொங்கினா என்ன?" என்று கேட்ட சகோதரிகளை நான் சந்தித்திருக்கிறேன். ஆனால் பலமுறை இடம்பெயர்ந்த ஒரு பெண், தன் விருப்பப்படி ஒரு பொருளை ஓரிடத்தில் வைக்கும்போதுதான் அந்த இடம் அவளுக்கு வீடாகின்றது. இதைத் தலவாக்கலையில் ஒரு தோட்டத்தில் நான் நேரில் கண்டேன்.

1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் பல. அப்படிப் போன குடும்பமொன்றில் பிறந்தவர்தான் இந்த அக்கா. கடலோரக் கிராமத்தில் வளர்ந்து, அங்கேயே ஒரு கடற்றொழிலாளியை மணந்தார். 2009இல் கணவரை இழந்தார். கைக்குழந்தையுடன் முகாமில் இருந்துவிட்டு, தாய்மாமனைத் தேடித் தலவாக்கலைக்கு வந்தார். பெற்றோர் விட்டுப்போன லயத்துக்கே மகள் திரும்பி வந்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, ஒரு யன்னல், ஈரம் ஊறும் சுவர். இன்று அவர் கொழுந்து பறிக்கிறார். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

நான் விட்ட பிழை

முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனபோது, வெறுஞ்சுவராக இருக்கிறதே என்று எண்ணி, நீலக் கடலும் வெண்மணலும் உள்ள ஒரு படத்தை அன்பளிப்பாகக் கொண்டு போனேன். அக்கா அதை வாங்கி, பேசாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

"கடல் எனக்குப் பார்க்க ஏலாது மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் மனதுக்கு அமைதி தரும் என்று கடற்கரைப் படங்களை மாட்டுகிறோம். ஆனால் 2004இல் கடல்கோளுக்கும் 2009இல் போருக்கும் உறவுகளைக் கடற்கரையில் பறிகொடுத்தவர்களுக்கு அது வேறு படம். ஒருவருக்கு ஆறுதலாக இருப்பது மற்றவருக்குக் காயமாக இருக்கலாம். கேட்டுவிட்டுத்தான் கொடுத்திருக்க வேண்டும். படித்த படிப்பு அன்று எனக்கு உதவவில்லை.

நான்கு சிப்பிகள்

மகளுக்கோ கடல் நினைவில் இல்லை. "அப்பா வேலை செஞ்ச கடல் எப்படி இருக்கும்?" என்று அடிக்கடி கேட்பாளாம். சென்ற ஆண்டு மே 18 நினைவு நாளுக்குத் தாயும் மகளும் முள்ளிவாய்க்காலுக்குப் போனார்கள். மகள் கரையில் கிடந்த நான்கு வெற்றுச் சிப்பிகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். தாய் ஒன்றும் சொல்லவில்லை. பல மாதம் அந்த முடிச்சு அலுமாரியிலேயே கிடந்தது.

அண்மையில் நான் போனபோது மேசையில் ஒரு விளக்கு எரிந்தது. வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலில் கொத்மலை ஓயாவிலிருந்து எடுத்த கூழாங்கற்கள் நிறைந்திருந்தன. அவற்றின் மேல் அந்த நான்கு சிப்பிகள். மூடியின் மேலே மின்குமிழ். நான் அதையே பார்ப்பதைக் கண்டு அக்கா சொன்னார்:

"விளக்கு சாயாம இருக்க அடியில பாரம் வேணும்தானே மிஸ். அதுக்குத்தான் போட்டேன்."

நான் மேலே எதுவும் கேட்கவில்லை. மகள் அந்த வெளிச்சத்தில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

பாரம் கீழே இருக்கட்டும்

அக்கா சொன்னது சாதாரண வார்த்தையல்ல. நமது நாட்டில் குப்பி விளக்குச் சரிந்து தீப்பற்றி எரிகாயமடைந்தோர் ஏராளம். இதைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, தடித்த கண்ணாடியில் குட்டையான, பாரமான விளக்கொன்றை வடிவமைத்தார். உருளாதிருக்க இரு பக்கமும் தட்டை. எண்ணெய் சிந்தாதிருக்கத் திருகு மூடி. இதற்காக 1998இல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. தலவாக்கலையில் அணை கட்டி 150 மெகாவாட் மின்சாரம் தரும் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் தொடங்கப்பட்டது. ஆயினும் மின்சாரம் தடைப்படும் இரவுகளில் குப்பி விளக்கை ஏற்றும் வீடுகள் உண்டு. எந்த விளக்கானாலும் பாரம் கீழே, உயரம் குறைவு என்பதே பாதுகாப்பு.

நாமும் செய்யலாம்

• சிப்பிகளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, பழைய பல்தூரிகையால் தேய்த்துக் காயவையுங்கள். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு சிப்பியைச் சுட்டும் எடுக்கப்படுவது நமக்குத் தெரியும். புளி பட்டால் சிப்பி கரைந்து பளபளப்புப் போய்விடும்.

• கடல் மணல் வைப்பதானால் உப்புப் போகும்வரை பலமுறை அலசுங்கள். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மலையகப் பனியில் போத்தலுக்குள் வியர்க்கும்.

• பனையோலை, தும்புக் கயிறு போன்றவற்றில் இங்கு பூஞ்சணம் பிடிக்கும். சுவரோடு ஒட்டாமல் சிறிது தள்ளித் தொங்கவிட்டு, வெயில் வரும் நாளில் காயவையுங்கள்.

• படம் வாங்கத் தேவையில்லை. சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் பூசினால் அதுவே கடலும் வானும் சந்திக்கும் கோடு. பழைய நீலச் சேலையின் கரை யன்னல் சீலையாகும்.

• விளக்குக்கு எல்.ஈ.டி. குமிழையே பாவியுங்கள். 7 வாட் குமிழ் பழைய 40 வாட் குமிழுக்குக் குறையாத வெளிச்சம் தரும், சூடும் குறைவு. பழைய இழைக் குமிழுக்கு அருகில் ஓலையோ கடதாசியோ துணியோ வைத்தால் தீப்பற்றக்கூடும்.

• மின் கம்பியைப் போத்தலுக்குள் விடாமல் வெளியே கொண்டுசெல்லுங்கள். வேலை தெரிந்தவரைக் கொண்டே பொருத்துங்கள்.

• வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு விளக்கை இடப்பக்கம் வையுங்கள். கையின் நிழல் கொப்பியில் விழாது.

பவளம் வேண்டாம்

அழகாக இருக்கிறதே என்று பவளப்பாறைத் துண்டுகளை வாங்காதீர்கள். கரையோரத்தில் அதை உடைப்பதும் சேகரிப்பதும் சட்டப்படி குற்றம். 2004 கடல்கோளின்போது, சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை உடைக்கப்பட்டிருந்த பெரலியவில் அலை நெடுந்தூரம் உள்ளே வந்தது. ரயிலொன்றில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்குதான் பலியானார்கள். பவளப்பாறை காக்கப்பட்ட அயலூரான ஹிக்கடுவையில் அழிவு குறைந்திருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். நம் மேசையில் இருக்கும் ஒரு துண்டு, யாரோ ஒரு பிள்ளையின் வீட்டுக்கு முன்னால் அணையாக இருக்க வேண்டியது. உயிருள்ள சிப்பி, சங்குகளையும் எடுக்க வேண்டாம். வெற்றோடு இரண்டு மூன்று போதும்.

உங்கள் விருப்பமே முதல்

சகோதரிகளே, கடலை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. கொண்டுவர முடியாதென்றால் அதுவும் சரியே. வீட்டில் உள்ளவர்கள் கொண்டுவந்து மாட்டும் படம் உங்கள் மனதைக் கலைக்குமானால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு. பிள்ளை கேட்கும்போது பதில் சொல்ல நாளெடுத்தாலும் குற்றமில்லை.

நான் கொடுத்த படம் இன்னமும் சுவர்ப்பக்கம் திரும்பியபடிதான் இருக்கிறது. அதைத் திருப்ப வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் விரும்பிய கடல், அவர் விரும்பிய அளவில், மேசை விளக்கின் அடியில் இருக்கிறது.