தங்கத்தைத் தொடாத கிருமி

கிருமி தங்கம் தின்னுமாமே என்று கேட்டீர்கள். தின்னாது. டீயைக் குடியுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் பார்பர்ட்டன் பக்கம் ஃபேர்வியூ என்றொரு சுரங்கம். அங்கே தங்கம், இரும்பும் கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த கனிமத்துக்குள் நுண்துகளாகப் புதைந்திருக்கிறது. தங்கத்தைக் கரைக்கிற சயனைடு நீர் அதற்குள் நுழையாது. இப்படிப்பட்ட தாதுவை முன்பெல்லாம் உலையில் வறுப்பார்கள்; கந்தகப் புகையும் ஆர்சனிக்கும் வெளியேறும். 1986இல் அந்த வேலையை அங்கே பாக்டீரியாவிடம் விட்டார்கள்.

அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ், கூடவே இன்னும் சில. நீரில் கரைந்த இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி, அந்தச் சொற்ப ஆற்றலில் கரியமில வாயுவைக் கொண்டே உடம்பை வளர்த்துக்கொள்பவை. எலக்ட்ரானை இழந்த இரும்புக்கு ஃபெரிக் என்று பெயர். கனிமத்தை அரிப்பது அதுதான். அரித்ததும் வீரியம் போய் ஃபெரஸ் ஆகிவிடும். கிருமி அதை மறுபடி ஃபெரிக் ஆக்கும். வெட்டுவது கத்தி, மழுங்க மழுங்கச் சாணை பிடித்துக் கொடுப்பது கிருமி. அது இல்லாவிட்டாலும் அமில நீரில் இந்த மாற்றம் நடக்கும், ஆனால் லட்சக்கணக்கான மடங்கு மெதுவாக.

தொட்டியில் பொடித்த தாதுக் குழம்பு, 40 டிகிரி சூடு, கடும் அமிலம். அடியிலிருந்து ஓயாமல் காற்று அடிக்க வேண்டும். வினையே சூட்டைக் கிளப்புவதால் உள்ளே குளிர்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. நாலைந்து நாளில் கனிமம் கரைந்து தங்கத் துகள் வெளிப்படும். அதற்குப் பிறகு சயனைடுதான்! அந்தச் சயனைடு நீர் தப்பித்தவறித் தொட்டிக்குத் திரும்பினால் கிருமிகள் மடிந்துவிடும். சயனைடை மறைத்துவிட்டு இதைப் பசுமைத் தொழில் என்று கொண்டாடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் கரைந்த ஆர்சனிக்கைச் சுண்ணாம்பு சேர்த்து, இரும்போடு வண்டலாகப் படியவைத்துப் பிரித்துவிடுகிறார்கள். புகையாக ஊர்மேல் இறங்குவதற்கு இது எவ்வளவோ தேவலை.

இந்தக் கிருமியை 1947இல் அமெரிக்காவில் கோல்மர், ஹிங்கிள் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்ததே நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழிந்த அமிலக் கழிவுநீரில்தான். காவல் இல்லாத இடத்தில் ஆற்றைக் கெடுப்பதும் இதே கிருமி என்பதை மறக்கக் கூடாது.

பழைய சர்க்யூட் போர்டிலிருந்து செம்பைக் கரைக்கவும் அதே ஃபெரிக் உதவும். ஆனால் போர்டில் கிருமிக்குத் தீனி இல்லை. அதிலிருந்து கரையும் உலோகங்களும் அதற்கு நஞ்சு. அதனால் ஆய்வுக்கூடங்களில் ஃபெரஸ் சல்பேட் போட்டுக் கிருமியைத் தனியே வளர்த்து, ஃபெரிக் நீர் தயாரான பிறகே பொடித்த போர்டை அதில் சேர்க்கிறார்கள்.