விழுந்தெழுந்த ஆசான்கள்

தை மாத விடியலிலே நுவரெலியாவின் புல்நுனிகளிற் படியும் உறைபனியை நாம் அறிவோம். கொழுந்தைக் கருக்கும் அப்பனி வெயில் ஏறியதும் மறைந்துவிடும். கிரகரி வாவி உறைவதில்லை. கனடாவிலோ குளிர்காலத்தில் ஏரிகள் பாறையென இறுகிவிடும். அத்தகைய பனிக்கட்டித் தளத்தில், இந்நாளில் பெரும்பாலும் கூரையிட்ட அரங்குகளில், ஆடவரும் பெண்ணும் இணைந்து சறுக்கியாடும் கலையே பனிநடனம். 1976 முதல் அது ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்று வருகிறது.

ஆடுவோரின் காலணியடியில் எஃகு அலகு ஒன்றுண்டு. அதன் நடுவே நீளவாட்டில் குழிவு இருப்பதால், உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரு விளிம்புகள் அமைகின்றன. உடலைச் சாய்த்து ஒரு விளிம்பில் ஊன்றினால் வளைகோட்டில் வழுக்கிச் செல்லலாம். துணையைத் தலைக்கு மேல் உயர்த்துவதோ வீசியெறிவதோ இந்நடனத்தில் இல்லை. காலடிச் செம்மையும், இசையோடு இயைதலும், இருவர் ஒருவர்போல் அசைதலுமே இதன் உயிர்.

கனடா நாட்டு மரி-பிரான்ஸ் துப்ரேயும் பத்ரிஸ் லோசோனும் இக்கலையில் இணைந்தாடியவர்கள். 2006ஆம் ஆண்டு தூரின் ஒலிம்பிக்கில், லோசோன் தூக்கிச் சுழன்றபோது துப்ரேய் பிடிதவறி வீழ்ந்து இடுப்பிற் காயமுற்றார். இருவரும் போட்டியிலிருந்து விலகினர். ஆயினும் அடுத்த மாதமே உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றனர். 2007இலும் வெள்ளியே கிடைத்தது. உலகப் பட்டமோ ஒலிம்பிக் பதக்கமோ அவர்கள் கைக்கு எட்டவில்லை.

பின்னர் மொன்றியல் நகரில் அவர்கள் பயிற்றுநராயினர். 2014ஆம் ஆண்டு உலகப் போட்டியில் பதின்மூன்றாம் இடம் பெற்ற பிரான்சின் பப்படாகிஸ், சிசெரோன் இணையர், அவ்வாண்டிலேயே அந்நகருக்கு வந்து பயின்று, 2015இல் உலக வாகையர் ஆயினர். 2018 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கனடாவின் வேர்ச்சூ, மொயர் இணையரும், வெள்ளி வென்ற அப்பிரெஞ்சு இணையரும் இவர்களிடமே பயின்றவர்கள். 2022இல் பிரெஞ்சு இணையர் தங்கமும் பெற்றனர்.

தாம் எட்டாத உயரத்துக்குப் பிறரை ஏற்றிவிட்டது எவ்வாறு? பிடி எந்தக் கணத்தில் நழுவும் என்பதை வீழ்ந்தவர் தம் உடலாலேயே அறிவார். மேலும், இணையாக ஆடிய இருவரே இணையர்க்குக் கற்பிக்கும்போது, இருபாலார் இடரும் அவர்களுக்கு விளங்கும். தோட்டத்தில் புதிதாய்க் கொழுந்தெடுக்க வரும் பெண்ணுக்கு, அடுத்த நிரையில் நிற்கும் மூத்தவள் விரலசைவைக் காட்டிக் கொடுப்பதும் இத்தகைய அறிவே அன்றோ?

முதலிடம் தவறியவரை மறந்துவிடுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மாகாண ஓட்டப் போட்டியில் இரண்டாம் இடத்தோடு நின்றவர் நம் தோட்டத்திலும் இருக்கலாம். மாலைதோறும் ஒரு மணி நேரம் நம் பிள்ளைகளைப் பழக்குமாறு அவரை அழைப்போமாக.