சத்தம் வேறு... சக்தி வேறு! - வீட்டுப் பட்டறையில் பைக் சைலன்சர் செய்வது எப்படி, எங்கே மாட்டலாம்?

குடவோலைக் கல்வெட்டுக்குப் பேர்போன ஊர் உத்திரமேரூர். அதே காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு பைக்குகள் உருவாகின்றன. யமஹாவுக்கும் வல்லம் வடகாலில் தொழிற்சாலை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ரேஸ் டிராக் இயங்குகிறது.

பைக்கைச் சுற்றியே ஒரு மாவட்டம் சுழலும்போது, கிராமத்து இளைஞர்களுக்கு அதன்மீது ஆசை வராமல் இருக்குமா? அந்த ஆசை முதலில் கை வைக்கும் இடம் சைலன்சர். ‘ஷார்ட் பாட்டில்’, ‘மெகாஃபோன்’, ‘இந்தோரி’ என்று கடையில் வாங்கி மாட்டுபவர்கள் ஒரு ரகம். ஒரு வெல்டிங் மெஷின், ஒரு கிரைண்டர், கொஞ்சம் தகடு இருந்தால் போதும், வீட்டு ஷெட்டிலேயே சொந்தமாகச் செய்துவிடலாம் என்று இறங்குபவர்கள் இன்னொரு ரகம்.

செய்ய முடியுமா? முடியும். ஆனால், அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்தால்தான் அது பொறியியல். இல்லையென்றால் வெறும் சத்தம்!

குழாய்க்குள் ஓடும் அலை

இன்ஜினின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது, எரிந்த வாயு சீராக வழிந்து வருவதில்லை. ஒரு அழுத்த அலையாகப் பாய்ந்து வருகிறது. சூடான வாயுவில் அந்த அலை நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடும். குழாயின் வாய் அகலும் இடத்தை அடைந்ததும் அதன் ஒரு பகுதி எதிரொலிபோலத் திரும்பி இன்ஜினை நோக்கி வரும். இப்படித் திரும்பும் அலை உறிஞ்சும் அலை. அது சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுத்துவிட்டு, புதிய காற்று உள்ளே வர வழிவிடும். நேரம் தவறினால் இன்ஜினுக்கு அது இடைஞ்சல்.

ஒரு சின்னக் கணக்கு. இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றினால், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு. அதற்குள் அலை 5 மீட்டர் ஓடிவிடும். அதனால்தான் குழாயின் நீளத்தில் சில சென்டிமீட்டர் மாறினாலும் ‘பிக்கப்’ வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

‘பேக் பிரஷர் இருந்தால்தான் வண்டி இழுக்கும்’ என்று பட்டறைகளில் சொல்வார்கள். உண்மையில் இன்ஜினுக்குத் தேவைப்படுவது வாயுவின் வேகம். குழாய் ரொம்ப அகலமாக இருந்தால் வாயுவின் வேகம் குறையும். குறைந்த வேகத்தில் வண்டி இழுக்கத் திணறும். பெரிய பைப் மாட்டியவர்கள் ‘பவர் போயிடுச்சு’ என்று புலம்புவது இதனால்தான்.

ரேஸ் உலகைப் புரட்டிப்போட்ட குழாய்

கையால் செய்த ஒரு எக்ஸாஸ்ட் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு 1950-களின் கிழக்கு ஜெர்மனியே சாட்சி. எம்.இசட். நிறுவனத்தின் ரேஸிங் பிரிவில் வேலை பார்த்த பொறியாளர் வால்டர் காடன், டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ‘எக்ஸ்பான்ஷன் சேம்பர்’ எனும் நடுவில் பருத்து முனையில் சுருங்கும் குழாயை மெருகேற்றினார்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் புகையோடு சேர்ந்து கொஞ்சம் புதிய பெட்ரோல் கலவையும் வெளியே ஓடிவிடும். காடனின் குழாயில், சுருங்கும் முனையில் மோதித் திரும்பும் அலை அந்தக் கலவையை மறுபடியும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். விளைவு? 1961-ல் 125 சிசி இன்ஜினில் 25 குதிரைத்திறன்! பல ஆண்டுகளுக்குப் பிறகு 1985-ல் நம் ஊரில் அறிமுகமாகி, இன்றும் கொண்டாடப்படும் ஆர்எக்ஸ் 100-ன் சக்தி 11 குதிரைத்திறன்தான்.

அதே 1961-ல் எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது தப்பி மேற்கு நாடுகளிடம் தஞ்சமடைந்தார். அவரோடு அந்தத் தொழில்நுட்பமும் ஜப்பானின் சுசுகியைச் சென்றடைந்தது. அடுத்த ஆண்டே சுசுகி பைக்கில் 50 சிசி உலகச் சாம்பியன் ஆனார் டெக்னர்.

பட்டறையில் எப்படி உருவாகிறது?

முதலில் அளவு. இன்ஜினிலிருந்து கிளம்பும் பெண்டு பைப், ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், பின்சக்கரம் எதிலும் இடிக்கக் கூடாது. கெட்டியான கம்பியை வளைத்து முதலில் ஒரு மாதிரி எடுத்துக்கொண்டால் தகடு வீணாகாது.

குழாயை வளைக்க பெண்டிங் மெஷின் இல்லாத இடங்களில் பழைய வழி ஒன்று உண்டு. நன்றாகக் காய்ந்த மணலைக் குழாய்க்குள் இறுக்கி அடைத்து, கேஸ் டார்ச்சில் சூடுபடுத்தி வளைப்பார்கள். மணல் இருப்பதால் குழாய் நசுங்காது. மணலில் ஈரம் இருந்தால் நீராவி அழுத்தத்தில் அடைப்பு தெறித்துவிடும் என்பதால், காய்ந்த மணல் கட்டாயம். இன்னொரு வழி, குழாயைச் சாய்வான துண்டுகளாக அறுத்து, கேக் துண்டுகளைப்போல வரிசையாக ஒட்டி வளைவு கொண்டுவருவது.

மைல்டு ஸ்டீல் மலிவு, வெல்டிங்கும் சுலபம், ஆனால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நீடித்து உழைக்கும். அதற்கு ஆர்கான் வெல்டிங் நல்லது. சைலன்சரின் உள்ளே துளையிட்ட குழாயும், அதைச் சுற்றி கிளாஸ் வுல்லும் இருக்கும். சத்தத்தைக் குடிப்பது இந்தப் பஞ்சுதான்.

வீட்டில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று:

* ஜிஐ பைப்பை அப்படியே வெல்டிங் செய்யக் கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும்.
* பூட்டிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மயக்கம் வந்த பிறகு தப்பிக்க நேரம் இருக்காது.
* கிரைண்டர் பிடிக்கும்போது கண்ணாடி, வெல்டிங்கின்போது முகக்கவசம், கிளாஸ் வுல்லைத் தொடும்போது கையுறை கட்டாயம்.

சத்தம் கூடினால் பவர் கூடுமா?

கூடாது! உள்ளே இருக்கும் தடுப்புகளை வெட்டி எறிந்தால் சத்தம் மட்டும்தான் உறுதியாகக் கூடும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல், காற்றுக் கலவையின் கணக்கு தவறி இன்ஜின் அதிகம் சூடாகலாம். ஆக்ஸிலரேட்டரை விடும்போது ‘பட் பட்’ என்று வெடிப்பது அதன் அறிகுறிகளில் ஒன்று. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 பைக்குகளில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்ஸிஜன் சென்சாரும் இருக்கின்றன. சைலன்சரோடு கன்வெர்ட்டரையும் கழற்றினால், நச்சுப்புகை வடிகட்டப்படாமல் பின்னால் வருபவர் முகத்தில்தான் போகும். வாரன்ட்டிக்கும் சிக்கல் வரும்.

டெசிபல் கணக்கும் ஏமாற்றும். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. நம் நாட்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அளவு 45 டெசிபல். ராத்திரி 11 மணிக்கு அடங்கிக் கிடக்கும் கிராமத்துத் தெருவில் ஒரு ‘ஓப்பன் பைப்’ வண்டி போனால், தொட்டிலில் தூங்கும் குழந்தையும், மாத்திரை போட்டுப் படுத்த தாத்தாவும், தொழுவத்து மாடும் ஒன்றாக விழித்துக்கொள்வது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் தந்த அடிப்படை அம்சங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை; ஓட்டுநர் உரிமமும் 3 மாதத்துக்குப் பறிபோகும். பல ஊர்களில் போலீஸார் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பல நாள் உழைப்பு, சில நொடிகளில் தகடு!

திறமைக்கு எங்கே இடம்?

சாலையில் இடமில்லை என்பதால் அந்தக் கைத்திறன் வீண் என்று அர்த்தமில்லை. ரேஸ் டிராக்கில் அதற்கு இடம் உண்டு. எந்தப் பிரிவில் எக்ஸாஸ்ட்டை மாற்றலாம் என்பதைப் போட்டி விதிகளே சொல்லிவிடும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ‘ஃபார்முலா பாரத்’ போட்டியில், கல்லூரி மாணவர்கள் பைக் இன்ஜினைப் பொருத்திய காரை வடிவமைத்துக் கட்டுகிறார்கள். அங்கேயும் ஒலிச் சோதனையில் தேறாத வண்டி டிராக்கில் இறங்க முடியாது!

கல்லூரிக்குப் போகாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஐடிஐ-யில் வெல்டர் பயிற்சி ஓராண்டுதான். ஒல்லியான ஸ்டெயின்லெஸ் குழாயில் ஓட்டை விழாமல் ஆர்கான் வெல்டிங் போடத் தெரிந்த கைக்கு, தொழிற்சாலைகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் மதிப்பு உண்டு. ஊரிலேயே வேலை பார்க்க நினைத்தால், துருப்பிடித்து ஓட்டை விழுந்த கம்பெனி சைலன்சரை, உள் தடுப்புகளுக்குச் சேதமில்லாமல் அடைத்துத் தரலாம். புதிது வாங்கும் செலவு மிச்சமாகும் வாடிக்கையாளர், அடுத்தவரையும் கூட்டி வருவார்.

நல்ல வெல்டரை வண்டியின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அவர் போட்ட ஒட்டைப் பார்த்தாலே தெரியும்.