பிக்-அப் வண்டியை உயர்த்திக் கட்டலாமா?

மலைத் தோட்டத்தில் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது, விளைவிப்பதைப் போலவே கடினமான வேலை. நீலகிரியின் காரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். கொடைக்கானல் மேல்மலையின் பூண்டு சமவெளிக்கு வர வேண்டும். கொல்லிமலையின் மிளகும் அன்னாசியும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். தார்ச் சாலையை அடைந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. தோட்டத்திலிருந்து தார்ச் சாலை வரை உள்ள மண்பாதைதான் வண்டியின் அடிப்பகுதியைப் பதம் பார்க்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சக்கரத் தடங்கள் பள்ளமாகி, நடுமேடு உயர்ந்து நிற்கும். சுமையோடு வரும் வண்டி அந்த மேட்டில் தட்டும். சில நேரம் அமர்ந்தும் விடும். அப்போது பலருக்கும் தோன்றும் யோசனை, வண்டியை உயர்த்திக் கட்டிப் பெரிய டயர் போட்டுவிடலாம் என்பது. இதில் பயன் உண்டு. ஆனால் எதை உயர்த்தினால் எது உயரும் என்று தெரியாமல் செய்தால், கடன் வாங்கிய பணமும் போய், வண்டி கவிழும் ஆபத்தும் வந்து சேரும்.

எது தட்டுகிறது?

பட்டறைக்குப் போகுமுன் ஒரு சிறு சோதனை செய்து பார்க்க வேண்டும். வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றி, டயர்களில் சரியான காற்று வைத்து, சமதரையில் வண்டியை நிறுத்த வேண்டும். ஓர் அளவுகோலால் நான்கு இடங்களில் தரையிலிருந்து உயரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பின் அச்சின் நடுவில் உள்ள டிபரன்ஷியல் உருண்டையின் அடி, வண்டி நடுவில் சேசிஸின் அடி, முன் பம்பரின் அடி, பின் முனையின் அடி ஆகியவையே அந்த நான்கு இடங்கள். பிறகு, சுமையை இறக்கிவிட்டு அடிப்பகுதியில் புதிதாக உராய்ந்த தழும்பு எங்கே உள்ளது என்று பார்க்க வேண்டும். வண்டியைத் தூக்கி அதன் கீழே போவதானால், ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான கட்டை கொடுத்த பிறகே போக வேண்டும்.

தழும்பு டிபரன்ஷியல் உருண்டையில் இருந்தால், ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. அச்சு சக்கரத்தோடு இணைந்தது. ஸ்பிரிங் அச்சுக்கு மேலே உள்ள பாகங்களை மட்டுமே தூக்கும். அச்சை உயர்த்துவது டயர் ஒன்றுதான். தழும்பு சேசிஸிலோ, சைலன்சரிலோ, பம்பரிலோ இருந்தால்தான் ஸ்பிரிங் வேலை உதவும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்துகொண்டாலே வீண் செலவில் பாதி மிச்சம்.

டயரின் கணக்கு

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். இந்த டயரின் முழு உயரம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 போட்டால் உயரம் 733 மில்லிமீட்டர். வித்தியாசம் 30 மில்லிமீட்டர். ஆனால் அச்சு டயரின் நடுவில் இருப்பதால், அதில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும். அதாவது 15 மில்லிமீட்டர். ஒரு விரல் பருமன்.

அந்த ஒரு விரல் உயரத்துக்குக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். மீட்டர் 60 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 62 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஒவ்வொரு கியரிலும் இழுவை 4 சதவீதம் அளவுக்குக் குறையும். ஏற்றத்தில் கிளட்சுக்கு வேலை கூடும். பிரேக் பழையதே, ஆனால் அது நிறுத்த வேண்டிய சக்கரம் பெரியது. ஸ்டீயரிங்கை முழுதும் ஒடிக்கும்போது மட்கார்டிலோ பிரேக் குழாயிலோ டயர் உராய்கிறதா என்பதைச் சுமையோடு சோதிக்க வேண்டும்.

பெரிய டயர் என்றாலே அதிகச் சுமை தாங்கும் என்று எண்ணக் கூடாது. அளவை அடுத்து வரும் எண்ணே சுமை எண். 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ. 108 என்றால் 1,000 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ. சுமையோடு பின் அச்சில் 2,000 கிலோ இறங்கும் வண்டிக்கு, பின் டயர் ஒவ்வொன்றும் குறைந்தது 1,000 கிலோ தாங்க வேண்டும். காருக்கென்று செய்த அகலமான டயர் பார்வைக்குப் பெரிதாக இருக்கலாம். அதன் சுமை எண் பழைய டயரைவிடக் குறைவாக இருந்தால், மலையிறக்கத்தில் சூடேறி வெடிக்க அதுவே காரணமாகும்.

அகலம் எல்லா இடத்திலும் நன்மை தராது. மணலில் அகல டயர் புதையாமல் மிதக்கும். மேலே சேறும் கீழே கெட்டித் தரையும் உள்ள மலைப்பாதையில், குறுகிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். ஆழமான கட்டைகள் உள்ள சேற்று டயர், தோட்டத்துக்குள் நன்றாகப் பிடிக்கும்; ஆனால் தார்ச் சாலையில் விரைவில் தேயும், நனைந்த தாரில் வழுக்கும். தோட்டப் பாதை ஒரு கிலோமீட்டரும் தார்ச் சாலை 40 கிலோமீட்டரும் ஓடும் வண்டிக்கு, இரண்டுக்கும் பொதுவான நடுத்தரக் கட்டை டயரே ஏற்றது.

பழைய டயர் வாங்குவோர், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைக் கவனிக்க வேண்டும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கட்டை ஆழமாக இருந்தாலும், ரப்பரில் வெடிப்பு விழுந்த டயர் ஆகாது. ஓர் அச்சில் ஒருபுறம் ரேடியல், மறுபுறம் சாதா டயர் என்று கலந்து போடக் கூடாது.

முதலில் இழந்த உயரத்தை மீட்க வேண்டும்

சில ஆண்டுகள் சுமை ஏற்றிய வண்டியின் வில்பட்டைகள் வளைவு இழந்து தட்டையாகிவிடும். சில வண்டிகளில் ஒரு பட்டை முறிந்திருப்பதே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். இடப்புறமும் வலப்புறமும் மட்கார்டின் உயரத்தை அளந்து ஒப்பிட்டால் இது வெளிப்படும். இத்தகைய வண்டிக்குத் தேவை உயர்த்துவது அல்ல, பழைய உயரத்துக்குத் திரும்புவது. தயாரிப்பாளர் குறித்த அதே அளவில் புதிய பட்டைத் தொகுதி போட்டால் இழந்த உயரம் திரும்பக் கிடைக்கும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பல விவசாயிகளுக்கு இதுவே போதும்.

அதற்கு மேலும் உயர்த்துவதற்குப் பட்டறைகளில் சில முறைகள் உள்ளன. கூடுதல் பட்டை சேர்ப்பது ஒரு முறை. இதனால் சுமையோடு வண்டி தாழாது. ஆனால் வெறும் வண்டி குதிக்கும், ஈர வளைவில் பின்புறம் வழுக்கும். நீளமான ஷேக்கிள் போடுவது மற்றொன்று. கூட்டிய நீளத்தில் பாதி உயரமே இதில் கிடைக்கும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது மூன்றாவது முறை. முன் அச்சில் இப்படிக் கட்டை வைப்பதும், பின் அச்சில் கட்டைமேல் கட்டை அடுக்குவதும் உயிருக்கு ஆபத்தானவை. பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொண்டு கட்டை நழுவக்கூடும்.

எந்த முறையானாலும் வேலை அத்துடன் முடிவதில்லை. யூ போல்ட்டுகள் புதிதாக இருக்க வேண்டும். சில நாள் ஓடியபின் மீண்டும் முறுக்க வேண்டும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஷாக் அப்சார்பரின் நீளம் போதுமா, ஜாயின்ட் சாய்ந்து கிராஸ் தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். பல பிக்-அப் வண்டிகளில் பின் அச்சோடு இணைந்த ஒரு பிரேக் வால்வு உண்டு. பின்புறம் தாழ்ந்தால் சுமை இருப்பதாக அறிந்து, அது பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். பின்புறத்தை உயர்த்திவிட்டு இதைத் திருத்தாமல் விட்டால், ஒரு டன் முட்டைக்கோஸ் ஏற்றியிருக்கும்போதும் வண்டி வெறுமையாக இருப்பதாக வால்வு எடுத்துக்கொள்ளும். இறக்கத்தில் பின் பிரேக் பிடிக்க வேண்டிய அளவு பிடிக்காது.

உயரமும் கவிழும் ஆபத்தும்

வண்டியும் சுமையும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அது 10 சென்டிமீட்டர் உயர்ந்தால், பக்கவாட்டில் கவிழாமல் நிற்கும் ஆற்றல் ஏறத்தாழ 10-இல் ஒரு பங்கு குறைகிறது. மூட்டைகளை உயர அடுக்கினால் இன்னும் குறையும். வெளிப்புறம் சரிந்த கொண்டை ஊசி வளைவில் இந்த ஒரு பங்குதான் வண்டி நிற்பதையும் கவிழ்வதையும் தீர்மானிக்கிறது. கனமான மூட்டை அடியில், இலேசான கூடை மேலே என்று அடுக்கி, இறுகக் கட்டுவது நலம். சுமையின்மேல் ஆட்களை ஏற்றவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எஃப்.சி. காட்டும்போது வண்டி நிறுத்தப்படலாம். விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் இந்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முயலலாம். கடனில் வாங்கிய வண்டியானால், வண்டி போனபின்னும் தவணை நிற்காது.

ஆகவே, அதே மாடல் வண்டிக்குத் தயாரிப்பாளர் கையேட்டில் எந்தெந்த டயர் அளவுகள் குறிக்கப்பட்டுள்ளன என்று பார்த்து, அதற்குள் பெரியதைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பான வழி. அதைத் தாண்டி எதைச் செய்வதானாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டு, எழுத்து மூலம் அனுமதி பெற்றபின் செய்ய வேண்டும்.

பாதையையும் கவனிக்க வேண்டும்

வண்டியை ஓர் அங்குலம் உயர்த்துவதைவிட, நடுமேட்டை ஒரு சாண் வெட்டுவது எளிது. பாதையின் குறுக்கே சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் வெட்டி மழைநீரை ஓரத்துக்கு வடித்துவிட்டால், தடம் பள்ளமாகாது. பள்ளத்தில் கருங்கல் சில்லும் சரளையும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். சரிவு ஓரத்தில் வெட்டிவேர் நட்டால் மண் பிடித்து நிற்கும். ஒரே பாதையைப் பயன்படுத்தும் நான்கு தோட்டக்காரர்கள் புரட்டாசியில் இரண்டு நாள் சேர்ந்து உழைத்தால், அந்த ஆண்டு மழைக்காலம் கழிந்துவிடும்.

ஓட்டும் முறையிலும் கவனம் வேண்டும். பாதையில் துருத்தி நிற்கும் கல்லை வண்டியின் நடுவில் விட்டுப் போகக் கூடாது. டிபரன்ஷியல் அதில்தான் மோதும். சக்கரத்தை அந்தக் கல்லின்மேல் மெதுவாக ஏற்றி இறக்கினால் அடிப்பகுதி தப்பும்.

பாதையைச் செப்பனிட்டு, தளர்ந்த பட்டையை மாற்றி, சுமை எண் பார்த்து டயர் போட்ட பின்னும் வண்டி தட்டினால், அப்போது உயர்த்துவது பற்றி யோசிக்கலாம். இந்த மூன்றையும் முறையாகச் செய்தவர்களில் பலருக்கு அந்தத் தேவையே வராது.